புகையை முகர்கிறவர்

சோதனைக்கூடத்தின் சின்ன டீசல் என்ஜின் மேசையையே உலுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஜன்னல் வெயிலில் தூசு மிதக்கிறது. டீசல் துளி எரியும்போது அதன் நடுப்பகுதிக்குக் காற்று எட்டாது. அங்கே மிஞ்சும் கரிதான் கரும்புகை. அதனால் அங்கே ஆராய்ச்சி செய்யும் அவள் ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே சுமக்கிற ஒரு திரவத்தை டீசலில் கலக்கப்போகிறாள். காற்று நுழையாத இடத்திலும் அது கரியை எரித்துவிடும். அவள் கணவர் இருமலை அடக்கியபடி புகைக்குழாயருகே குனிகிறார். பணிமனையில் பஸ்களின் புகையை முகர்ந்தே கோளாறு சொன்னவர். அந்தப் புகை நுரையீரலை அரித்துவிட்டது. மூக்கு மட்டும் மிச்சம் என்பது அவர் பெருமை. குழாய்முன் காட்டிய உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோகிறார்.

"அடேயப்பா! நெடியே இல்லையே. நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே இதைக் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா? என்னதான் பண்ணிட்டிருந்தே?"

"உங்களுக்குச் சமைச்சுக்கிட்டிருந்தேன்."

"அதுவும் இப்படித்தான். வாசனையே வராது." சிரிப்பு இருமலாகிறது.

அவள் சிரிக்கவில்லை. திரவப் புட்டியின் மூடியை இன்னும் திறக்கவே இல்லை. ஓடுவது வெறும் டீசல். புகையை வடிகட்டிய தாள் அவள் இடுக்கியில் கன்னங்கரேலென்று இருக்கிறது. அறை முழுக்க நெடி கண்ணைக் கரிக்கிறது. அவர் மறுபடியும் ஆழமாக முகர்ந்து, நிறைவாகத் தலையாட்டுகிறார்.

"நல்லா வேலை செய்யுது, இல்ல?"

"ஆமாங்க," என்று தாளை உள்ளங்கைக்குள் கசக்குகிறாள்.