கில்ட்ரோகனுக்கு வந்த நீல எஞ்சின்

“யோவ் சிரில், கண்ணாடியைத் துடைச்சிட்டு வந்து பாரு! கில்ட்ரோகன் ஸ்டேஷன், அன்னைக்கு வந்த ஸ்பெஷல் ரயில். இப்ப என்ன சொல்ற?”

மலாக்கி டியர்னி மேசையைத் தட்டிய தட்டில் தேநீர்க் கோப்பைகள் குலுங்கின. பழைய ரயில் அன்பர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். செத்துப்போன சிக்னல்மேன் ஒருவரின் பரணிலிருந்து அன்று காலை வந்து சேர்ந்த புகைப்படம் அவர் கையில் இருந்தது.

அவருக்கும் சிரில் ஹன்ராட்டிக்கும் காலங்காலமாக ஒரே சண்டை. மெயின் லைனை விட்டு நகராத முந்நூற்று ஆறாம் நம்பர் நீல எஞ்சின், கால்பந்து இறுதி ஆட்டத்துக்குப் போன ஸ்பெஷலை இழுத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை கில்ட்ரோகன் கிளைப் பாதைக்கு வந்தது என்பார் மலாக்கி. வரவே இல்லை என்பார் சிரில். நாட்டில் வேறு எத்தனையோ பிரச்சினைகள் இருக்கலாம். இவர்களுக்கு இது ஒன்றுதான். சங்கம் போடும் புத்தகம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் யார் பேச்சு ஏறப்போகிறது என்பதில் இரண்டு கிழவர்களின் மானமும் மாட்டிக்கொண்டிருந்தது.

சிரில் பூதக்கண்ணாடியை வைத்து நிதானமாகப் பார்த்தார். “கைகாட்டி மரம் கில்ட்ரோகனோடதுதான், ஒத்துக்கறேன். உச்சியில ஈட்டி முனை அங்க மட்டும்தான் உண்டு. ஆனா இது கறுப்பு வெள்ளைப் படம். எஞ்சின் நீலமா பச்சையான்னு யாருக்குத் தெரியும்? நம்பரைக் காட்டு.”

“அங்கதான் ஒரு மடையன் வந்து நிக்கிறானே!” மலாக்கி பல்லைக் கடித்தார்.

நம்பர் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு பெரிய குடை. படம் எடுத்தவருக்கு முதுகைக் காட்டி நின்ற ஒரு பெண் அதைப் பிடித்திருந்தாள். அவளுக்கு எதிரே ஒருவன். குடை மறைத்ததில் அவன் முகம் தெரியவில்லை. கோட்டும் கால்களும்தான் தெரிந்தன.

“பூட்ஸ் முனை நம்ம பக்கம் இருக்கு பாரு. அப்படின்னா எஞ்சினுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறான்! பின்னால அவ்வளவு பெரிய அழகு மூச்சு விட்டுக்கிட்டு நிக்குது, இந்தப் பய பொண்ணு வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிறான். கோட்டு வேற யார்கிட்டயோ இரவல் வாங்கினது, தோள் தொங்குது. இவனையெல்லாம் எவ கட்டிக்கிட்டு அவதிப்படுறாளோ!”

மூலையில் ஹாம் சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்த மலாக்கியின் மனைவி அட்ராக்டா நிமிர்ந்தாள். சனிக்கிழமைதோறும் சங்கத்துக்குச் சாண்ட்விச் அவள் பொறுப்பு. தேனிலவுக்கே எஞ்சின் ஷெட்டுக்கு அழைத்துப் போகப்பட்டவள். இந்தப் பேச்செல்லாம் அவளுக்குப் புளித்துப்போனது. ஆனாலும் இன்று கத்தியை வைத்துவிட்டு வந்து, கணவர் தோளுக்கு மேலாகப் படத்தை எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

“சின்னஞ்சிறுசுங்க. திட்டாத மலாக்கி.”

“ஏன், எனக்கும் சின்ன வயசு இருந்துச்சே! அன்னைக்கு அதே பிளாட்பாரத்துல நானும்தான் நின்னேன். இவனை மாதிரியா பல்லை இளிச்சுக்கிட்டு நின்னேன்? எஞ்சின் வந்ததுலேர்ந்து போற வரைக்கும் கண்ணு இமைக்கல!”

சிரில் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துப் பெருமூச்சு விட்டார். “சரிய்யா. ஸ்பெஷல் வந்ததுக்குப் படம் இருக்கு. எஞ்சினைக் கண்ணால பாத்த சாட்சி நீ ஒருத்தன்தான். நீ பிடிவாதக்காரன், ஆனா பொய்ச் சத்தியம் பண்றவன் இல்ல. பைபிள் மேல கை வச்சுச் சொல்லு, நான் தோத்தேன்னு புத்தகத்துலயே போட்டுக்கறேன்.”

கரும்பு தின்னக் கூலியா? மலாக்கியின் முகம் பொங்கிப் பூரித்துவிட்டது.

“தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க! உன் தப்பு உனக்குத் தெரிய இத்தனை வருஷமாச்சு” என்று ஒரு குத்தும் குத்திவிட்டு, அலமாரியிலிருந்து பைபிளை எடுத்து மேசைமேல் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு வலது கையைத் தூக்கினார்.

“கையை வைக்காத மலாக்கி” என்றாள் அட்ராக்டா.

“ஏன், நீயும் இவன் கட்சியா?”

“இல்ல. எஞ்சின் வந்தது நிஜம். நீலம்தான், முந்நூத்தி ஆறுதான். அந்தச் சத்தியத்தை நான் பண்றேன்.”

சிரில் வாயைப் பிளந்தார். மலாக்கிக்குக் கோபம் வந்துவிட்டது. “நீ எப்ப பாத்த? பாத்திருந்தா இத்தனை வருஷமா ஏன் வாயைத் திறக்கல?”

“சாண்ட்விச்சைத் தவிர என்கிட்ட யாரு எதைக் கேட்டீங்க?” அட்ராக்டா படத்தை எடுத்து, குடையின் மேல் விரலை வைத்தாள். “இது எங்கம்மா குடை. அந்தத் தொங்குற கோட்டு உங்கண்ணனோடது. உன் தோளுக்கு மேல நம்பர் எனக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சுது. நீ என்னைக் கட்டிக்கறியான்னு கேட்டுக்கிட்டிருந்த. எஞ்சின் வந்துச்சு, கூவுச்சு, போயிடுச்சு, நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல. அதை நம்பித்தான் உன்னைக் கட்டிக்கிட்டேன்!”