கறைத் துணி

கறை தூரத்திலிருந்தே தெரிந்தது.

விமானம் இப்போதுதான் வந்து நின்றிருந்தது. இறங்கும்போது இடது இன்ஜினில் பறவை மோதியதாக விமானி எழுதிக் கொடுத்திருந்தார். பரிசோதகர் ஏணியைத் தள்ளிக்கொண்டு கறையைப் பார்த்தபடியே நேராக நடந்தார்.

ஒரு மணி நேரத்தில் இதே விமானம் திரும்பக் கிளம்ப வேண்டும். அதில் அவருடைய அக்கா போகிறாள். அவள் மகளுக்கு இன்றோ நாளையோ பிரசவம்.

"நீ பார்த்து அனுப்புற பிளேன்தானடா தம்பி, எனக்கென்ன பயம்?" என்று காலையில் சொல்லியிருந்தாள்.

காற்றே இல்லை. ஆனாலும் இன்ஜினின் விசிறி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அவர் கை நீட்டியதும் நின்றது.

கறை படிந்த பிளேடு சரியாக அவர் நெஞ்சுக்கு நேரே இருந்தது.

ஒரே ஒரு பிளேடு. அதில் உள்ளங்கை அளவு ரத்தம். மற்றவற்றில் ஒரு துளி இல்லை. எங்கும் ஓர் இறகுகூட இல்லை.

பறவை அடிபட்டால் இப்படி இருக்காதே என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் கைகள் தானாகக் குவிந்துவிட்டன. துடைப்பதற்கு முன் மன்னிப்புக் கேட்பது அவர் வழக்கம்.

"தெரியாம நடந்துபோச்சு தாயி. மனசுல வச்சுக்காத."

கீழே நின்ற மெக்கானிக் சிரித்தார். வாய் ஓயாது என்பதால் எல்லோருக்கும் அவர் ரேடியோ.

"என்னய்யா, குருவிக்கு இரங்கல் கூட்டமா? சீக்கிரம் முடி, அக்கா அங்க பெட்டியோட உக்காந்திருக்கு."

பரிசோதகர் அவசரப்படவில்லை. விழுந்து எழுந்த குழந்தையின் நெற்றியைத் துடைப்பதுபோல, வெள்ளைத் துணியால் நுனியிலிருந்து அடிவரை துடைத்தார். ரத்தம் வெதுவெதுப்பாக இருந்தது.

பிளேடின் அடியில், துணிக்குள்ளிருந்தே நகம் எதிலோ தட்டியது.

டார்ச் அடித்துப் பார்த்தார். மயிரிழை போல ஒரு விரிசல்.

அந்தப் பிளேடு இன்னொரு பயணத்தைத் தாங்கியிருக்காது.

கறை உள்ளே இருக்கும்படி துணியை நாலாக மடித்து உறையில் போட்டு ஒட்டினார். என்ன பறவை என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

விமானத்தை நிறுத்திவிட்டார்கள். அக்காவுக்கு அடுத்த விமானம் நாலு மணி நேரம் கழித்து. போனில் அவள் திட்டித் தீர்த்தாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டார்.

பரிசோதகர் அறிக்கையில் விவரம் எழுதும்போதுதான் ரேடியோ நிமிர்ந்து இன்ஜினைப் பார்த்தார்.

"யோவ், நீ பார்த்தது வலது இன்ஜின்யா."

விமானத்தின் இடது என்பது விமானியின் இடது. எதிரே வந்து நிற்பவருக்கு அது மாறிப்போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்கிற தவறு. இருபத்திரண்டு வருடத்தில் அவர் அதை ஒருமுறைகூடச் செய்ததில்லை.

இருவரும் இடது இன்ஜினுக்குப் போனார்கள்.

விசிறியின் நடுக்கூம்பு முழுக்கச் சாம்பல் நிற இறகுகள். எல்லாப் பிளேடுகளிலும் சிதறித் தெறித்த ரத்தம், எப்போதோ காய்ந்து கறுத்திருந்தது.

ஒவ்வொரு பிளேடாக நகத்தால் தடவினார். ஒரு கீறல் இல்லை. முதலில் இங்கே வந்திருந்தால் பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டு, அக்காவுக்குக் கையசைத்து வழியனுப்பியிருப்பார்.

ரேடியோவின் பார்வை பரிசோதகரின் சட்டைப் பைக்குப் போனது.

அவர் அதிலிருந்து உறையை எடுத்தார். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. கிழித்தார்.

துணியின் நாலு மடிப்பையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

வெள்ளையாக இருந்தது.