பினாங்குக் குழல்

"பெட்ரோலை வண்டி குடிக்கலை. டிரைவர் குடிக்கிறான்."

நாச்சியார் அம்மாள் இதைக் காதோடு காதாகச் சொல்லவில்லை. வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த சேவுகனுக்கும் கேட்கட்டும் என்றே கணவரிடம் சொன்னார்.

"வெலை இப்படி ஏறிக் கெடக்குற நேரத்துல இம்புட்டுக் கூடுதலாவா ஆகும்? குழாயப் போட்டு உறிஞ்சி விக்கிறான். நீங்க வாயத் தொறக்காம இருக்கீக!"

முதலாளி முத்துராமலிங்கம் அப்போதும் பிடிகொடுக்காமல், "பாப்போம், பாப்போம்" என்றார்.

சேவுகன் துடைத்த இடத்தையே மறுபடியும் அழுத்தித் துடைத்தான். அந்த அம்பாசிடரைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறவன் அவன். ஒரு சொட்டுப் பெட்ரோல் எடுத்தவனில்லை. திருட்டுப் பட்டத்தோடு வேலை போனால், காரைக்குடியில் எவன் நம்பிச் சாவியைக் கொடுப்பான்?

பெட்ரோலைக் குடிப்பது யார் என்று அவனுக்குத் தெரியும். பினாங்குக் குழல்!

முதலாளியின் மைத்துனர் பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது அது. நாகசுர வாய் மாதிரி அகலமான பித்தளை வாய். பழைய ஏர் பில்டரைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் இன்ஜினுக்குள் காற்று கொள்ளை கொள்ளையாகப் போகும், வண்டி பறக்கும் என்றார். பறக்கவில்லை. காற்று மட்டும் கூடி, அதற்குத் தக்க பெட்ரோல் இல்லாமல் இன்ஜின் இருமித் தள்ளியது. சேவுகன் கார்புரேட்டரைத் திருகிப் பெட்ரோலையும் கூட்டினான். இருமல் நின்றது. டேங்க் காலியாகிற வேகம் கூடிவிட்டது. போதாக்குறைக்கு, கார் மூச்சு இழுக்கிற சத்தம் ஊர் எல்லை வரைக்கும் கேட்டது.

"கழட்டிரலாம் முதலாளி" என்று எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டான்.

"கெடக்கட்டும்டா. கேக்க நல்லாத்தான இருக்கு."

ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்கிற மனிதர். இந்த வெட்டிப் பெருமைக்கு மட்டும் கை தாராளம்!

அன்று மதியம் முதலாளி சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும், சேவுகன் துணிந்துவிட்டான். குழலைக் கழற்றி டிக்கியில் போட்டான். பழைய பில்டரை மாட்டி, பெட்ரோலையும் பழையபடி குறைத்து வைத்தான். கார் பூனை மாதிரி ஆகிவிட்டது.

ரைஸ் மில்லுக்குப் போகிற வழியில் முதலாளி மிச்சத் தூக்கத்தைப் பின்சீட்டில் முடித்துக்கொண்டிருந்தார். மில் வாசலில்தான் கண் விழித்தார்.

"வந்துட்டமா? என்னடா, சத்தத்தையே காணோம்?"

"பழைய பில்டரையே மாட்டிட்டேன் முதலாளி. இனிமே அம்மா என்னையத் திருடன்னு சொல்ல மாட்டாக."

முதலாளியின் முகம் வெளுத்தது. "அடப்பாவி! நிறுத்துடா!"

நிறுத்திய பிறகுதான் சேவுகன் பார்த்தான். களத்தில் அவித்த நெல் காய்கிறது. ஓர் ஆடு சாவகாசமாக மேய்கிறது. காவலுக்கு இருக்க வேண்டிய அக்கம்மாளும் கருப்பியும் சாக்கில் தலை வைத்து அடித்துப்போட்டது போல் தூங்குகிறார்கள்.

'களத்துல எவ தூங்குறதை என் கண்ணு பாத்தாலும் அன்னைக்கே வேலையை விட்டு நிப்பாட்டிருவேன்' என்று தை மாதம் எல்லாரையும் கூட்டி வைத்துச் சத்தம் போட்டவர் முதலாளி. சொன்ன சொல் மாறாத மனிதர் வேறு. என் பேரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேர் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனே!

திரும்பிப் பார்த்தான். முதலாளி துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"வண்டியத் திருப்புடா! அங்குட்டுப் புளியமரத்துக்குப் போ!"

"முதலாளி, பாவம், அக்கம்மாளும் கருப்பியும்..."

"பேரைச் சொல்லாதடா! நான் எதையும் பாக்கலை."

புளியமரத்தடிக்கு வந்ததும்தான் துண்டு இறங்கியது.

"குழல் எங்க?"

"டிக்கியில."

"எடுத்து மாட்டு."

"எதுக்கு முதலாளி?" என்றான் சேவுகன்.

"கோவத்துல ஒரு சொல்லை விட்டுட்டேன். நாலு பேரு முன்னாடி சொன்னதை எப்படித் திருப்பி அள்ளுறது?" என்றார் முதலாளி. "விடியுமுன்ன எந்திரிச்சு நெல்லு அவிச்சவுக, சித்த கண்ணசரத்தான் செய்வாக. நானே தின்னுட்டு ஒரு தூக்கம் போட்டுட்டுத்தான வாரேன்? குழல் சத்தம் தூரத்துல கேட்டா எந்திரிச்சுக்குவாக, என் கண்ணுக்கு எதுவும் படாது."

"அதுக்கு ஆரன் அடிச்சாப் போதாதா முதலாளி?"

"ஆரன் அடிச்சா நானே எழுப்பி விடுறேன்னு தெரிஞ்சு போயிரும். அப்புறம் ஆடுதான் மில்லை நடத்தும். வண்டி கத்துனா பழி வண்டியோட போயிரும்." கொஞ்சம் தயங்கினார். "அம்மா உன்னையச் சொன்னப்ப நான் பேசாம இருந்தது தப்புடா. பெட்ரோலைக் குடிக்கிறது என் பெருமைதான்னு இன்னைக்கே அவகிட்டச் சொல்லிப்புடுறேன்."

இந்த மனிதரைப் போய் வெட்டிப் பெருமைக்காரர் என்று நினைத்தோமே என்று சேவுகனுக்கு வெட்கமாக இருந்தது. மளமளவென்று குழலை மாட்டினான். ஸ்டார்ட் செய்யப் போனவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"முதலாளி, பெட்ரோலைக் கூட்டலையே! இப்பக் காத்து மட்டும் கூடிப் பழையபடி இருமுமே!"

முதலாளி சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இருமட்டும்டா. பொம்பளைக அசந்து கெடக்குற எடத்துக்குப் போற ஆம்பளை, வாசல்ல ரெண்டு தடவை இருமிட்டுத்தான போகணும்!"