உள்பக்கக் கைப்பிடி

"விதை மூட்டை வைக்கிற கன்டெய்னருக்கு உள்பக்கம் எதுக்கு சார் கைப்பிடி? மூட்டை எழுந்து வந்து கதவைத் திறக்கப் போகுதா?" வெல்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நிலத்துக்காரர் கைப்பிடியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"வீட்டம்மா உள்ளே வெச்சுப் பூட்டிடுவாங்கன்னு பயமா?" தூரத்தில் நின்ற அவர் மனைவியைக் கண்ணால் காட்டினார் வெல்டர். பெட்டி வந்து இறங்கியதிலிருந்து அந்த அம்மா அதன் பக்கமே வரவில்லை.

"இப்படி ஒரு பெட்டிக்குள்ள ஒளிஞ்சுதான் தம்பி, இந்த நாட்டுக்கு வந்தோம். கைப்பிடி வெளியில மட்டும்தான் இருந்துச்சு."

வெல்டரின் சிரிப்பு நின்றது. "எத்தனை பேர்?"

"ஏறினது பதினாலு பேர். இறங்கினது நானும் அவளும்."

வெல்டர் கைப்பிடியைப் பொருத்தினார். பிறகு தானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, திருப்பித் திறந்து பார்த்தார். மறுபடி சாத்தினார், திறந்தார்.

மூன்றாவது தடவை திறந்தபோது, எதிரே அந்த அம்மா நின்றிருந்தார்.