பச்சையைப் பச்சை என்று எழுதியவள்

"பச்சைப் பட்டனை வரைஞ்சிட்டு, பக்கத்திலேயே 'இது பச்சை'ன்னு எழுதி வெச்சிருக்கே. நம்ம ஆபீஸ்ல எல்லாருக்கும் கண்ணு நல்லாத்தான் இருக்கு, கலா."

பாஸ் கனகராஜ் இப்படிச் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். துளசியும் சிரித்தாள்.

கலாதேவி தலையைக் குனிந்துகொண்டாள். "மெஷின் குழம்பிடக் கூடாதுன்னுதான் பாஸ்."

ஜெலாப்பாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தச் சின்ன ஆபீஸ். கலாதேவியும் துளசியும் கைபேசித் திரைகளைக் கணினியில் வரைவார்கள். எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்று படத்தின் ஓரத்திலேயே குறிப்பு எழுதுவார்கள். தனேஸ்வரன் உருவாக்கிவரும் ஏஐ ஏஜென்ட், படத்தையும் குறிப்பையும் படித்து நிஜத் திரையைக் கட்டிக் கொடுக்கும். ஒவ்வொரு குறிப்புக்கும் நேராக, தான் என்ன கட்டினேன் என்று எழுதியும் காட்டும். எல்லாம் சரிதானா என்று பார்த்து 'ஓகே' சொல்ல வேண்டியது தனேஸ்வரன்.

கெட்டிக்காரர்தான், ஆனால் கவனம் கொஞ்சம் கம்மி என்று ஆபீஸில் அவருக்குப் பெயர். ஒரு தடவை ஆபீஸ் விருந்துக்குச் சிவப்பு மிளகாய் வாங்கப் போனவர், பை நிறைய பச்சை மிளகாயோடு வந்து நின்றார். அன்றிலிருந்து அவர் 'மிளகாய் அண்ணே'.

நிறத்தை யாரும் குறிப்பில் எழுதுவதில்லை. அதுதான் படத்திலேயே இருக்கிறதே. கலாதேவிக்கு மட்டும் ஏனோ இந்தப் பழக்கம். இது பச்சை, இது சிவப்பு என்று பட்டனுக்குப் பட்டன் எழுதுவாள். வேலை இழுத்துக்கொண்டே போனது.

பாஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு இன்று முடிவாகச் சொல்லிவிட்டார். கலாதேவி வரைந்து முடித்திருந்த கோப்பெங் டயாலிசிஸ் நிலைய வேலையை இனி துளசி எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நிறக் குறிப்பையெல்லாம் அழித்துவிட வேண்டும். கலாதேவியின் காண்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று நாளைக்கு நிலையத்துக்காரர்கள் வந்து போனதும் சொல்வாராம்.

துளசிக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. வேலை செய்கிற மாதிரி காட்டிக்கொள்ள இப்படியும் ஒரு வழியா?

"ஏன்க்கா இந்தப் பிடிவாதம்? வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்கு. வேலை போனா என்ன பண்ணுவீங்க?"

"நாளைக்குத் தனேஸ் அண்ணே திரையைப் பார்க்கிறப்ப, நீ பக்கத்துல இரு" என்று மட்டும் சொன்னாள் கலாதேவி.

மறுநாள் காலையில் ஏஜென்ட் திரையைக் கட்டி முடித்திருந்தது. நோயாளிகள் வீட்டிலிருந்தே அமுக்குவதற்கு இரண்டே பட்டன்கள். 'நல்லா இருக்கேன்' பச்சை. 'உதவி வேணும்' சிவப்பு.

தனேஸ்வரன் குனிந்து, திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"ஓகே. படத்துல இருக்கிற மாதிரியே இருக்கு."

துளசி எட்டிப் பார்த்தாள். 'உதவி வேணும்' பச்சையில் இருந்தது. 'நல்லா இருக்கேன்' சிவப்பில். மிளகாய் அண்ணே மறுபடியும் கவனம் இல்லாமல் பார்த்துவிட்டார். வாசலில் நிலையத்துக்காரர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அழைக்கப் பாஸ் எழுந்து வந்துகொண்டிருந்தார். துளசி வாயைத் திறப்பதற்குள் கலாதேவி ஓடி வந்தாள்.

"பாஸ், நான் ரெண்டு நிறத்தையும் மாத்தி வரைஞ்சிட்டேன். ஒரு நிமிஷம், சரி பண்ணிடுறேன்."

சரி பண்ணினாள். வந்தவர்கள் பார்த்தார்கள், பிடித்துப்போனது, கிளம்பினார்கள். கலாதேவியை மட்டும் பாஸ் நிற்க வைத்தார். தேவையில்லாத குறிப்பெல்லாம் எழுதத் தெரிகிறது, படத்தை ஒழுங்காக வரையத் தெரியவில்லையா, இப்படிப்பட்டவளை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டார்.

துளசிக்குத்தான் புரியவில்லை. குறிப்புகளை அழித்தவள் அவள். படத்தில் நிறம் சரியாகவே இருந்தது என்று அவளுக்குத் தெரியும்.

தேநீர் கலக்கும் இடத்தில் கலாதேவியைப் பிடித்தாள். "தப்பாக் கட்டினது மெஷின். தப்பா ஓகே சொன்னது தனேஸ் அண்ணே. நீங்க ஏன்க்கா பழியை ஏத்துக்கிட்டீங்க?"

கலாதேவி கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மிளகாய்னு சிரிக்கிறீங்களே, துளசி. அன்னிக்குப் பையைத் திறந்து கொட்டினதும் அவர் முகத்தைப் பார்த்தேன். எதுக்குச் சிரிக்கிறாங்கன்னே அவருக்குத் தெரியல. சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒண்ணுதான்லா. குறிப்புல நிறத்தை எழுதிட்டா, ஏஜென்ட் கட்டினதை எழுத்துல படிச்சே சரி பார்த்துடுவார்."

"பாஸ்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"அவரே சொல்லாததை நான் எப்படிச் சொல்றது?"

துளசி தேநீரை அப்படியே வைத்துவிட்டு நேராகப் பாஸ் அறைக்குப் போனாள். படத்தில் தப்பே இல்லை, குறிப்பை அழித்தது தான்தான், அதனால் வந்த வினைதான் இது என்று சொன்னாள். அக்காவின் காண்ட்ராக்டை நிறுத்துவதாக இருந்தால் தன்னுடையதையும் சேர்த்து நிறுத்திவிடச் சொன்னாள். பாஸ் பேனாவை மூடி வைத்துவிட்டு, சரி, போய் வேலையைப் பார், இரண்டு பேரும் பாருங்கள் என்றார்.

சாயந்தரம் துளசியின் மேசையைத் தாண்டிப் போன பாஸ், அப்படியே நின்றார். திரையில் பச்சைப் பட்டன். அதன் பக்கத்தில் 'இது பச்சை'.

"நீயுமா?"

இரண்டு மேசை தள்ளி, தனேஸ்வரனின் விரல்கள் தட்டுவதை நிறுத்தியிருந்தன.

துளசி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மெஷின் குழம்பிடக் கூடாதுன்னுதான் பாஸ்."