வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது

மாடியில் குடியிருப்பவர்களைக் காலி பண்ணச் சொல்லிவிடுவது என்று கண்ணாடிக் கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

"கொஞ்சம் கரி குறைஞ்சதுக்கா ஒரு குடும்பத்தை வெளிய அனுப்பணும்?" என்றாள் மனைவி.

"இன்னிக்குக் கரி, நாளைக்கு என்னவோ."

"அவங்கதான் எடுத்தாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் சாட்சி இருக்கு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

தெருவுக்கே மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர். தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது, கரி போட்டுக் கோழி சுடுகிற அந்த இரும்பு கிரில் அடுப்பு ஒன்றைத்தான். பார்க்க ஒரு பெரிய முட்டை மாதிரி இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அது 'முட்டை'தான். கனமான மூடி, அடியில் காற்று போக ஒரு சின்னக் கதவு, உச்சியில் புகை வர ஒரு திருகு. இரண்டையும் அளவாகத் திறந்து வைத்து, மூடியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும், உள்ளே இருப்பது தானாக வெந்துவிடும். சும்மா இருப்பதுதான் அவருக்கு வராது.

வாங்கிய புதிதில் ஞாயிறுதோறும் மொட்டை மாடியில் விருந்து. வந்தவர்களுக்கு வேடிக்கை காட்டுவதற்காக மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். காற்றுப் பட்டுத் தீ சீறும். உள்ளே நின்ற சூடு பறந்துவிடும். கோழி வெளியே கரியாகவும் உள்ளே பச்சையாகவும் தட்டுக்கு வந்தது. சகலை பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை, இன்னொருத்தருக்கு வெளியூரில் வேலை. ஒரு ஞாயிறு யாருமே வரவில்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

பிறகு எப்படியோ கைப்பக்குவம் வந்துவிட்டது. இப்போதெல்லாம் கோழி பஞ்சு மாதிரி வேகிறது. வராமல் போனவர்கள் எல்லாம் கூப்பிடாமலே வருகிறார்கள். "கோழியத் திருப்பி முட்டைக்குள்ள அனுப்பி வெச்ச ஆளு எங்க சகலைதான்" என்று சகலையே பெருமையடித்துக்கொள்கிறார். கண்ணாடிக் கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே இடைஞ்சல் மனைவிதான். அவளுக்கு அந்த முட்டையைக் கண்டாலே ஆகாது போலிருக்கிறது. அவர் மூடியில் கை வைக்கப் போகிற நேரம் பார்த்துத்தான் கீழேயிருந்து குரல் கொடுப்பாள். குழாய் ஒழுகுகிறது, போன் அடிக்கிறது, டப்பா திறக்க வரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டு வருவார்.

இந்த நேரத்தில்தான் கரி மூட்டை வாரத்தின் நடுவில் இளைக்க ஆரம்பித்தது. உச்சித் திருகும் அவர் விட்ட இடத்தில் இருப்பதில்லை.

துப்புக் கொடுத்தவர் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர். கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தவர், நீங்கள் கடையில் இருக்கும்போதுகூட உங்கள் மொட்டை மாடியில் புகை வருகிறதே என்றார். பக்கத்து வீட்டுத் தொட்டிக்குள் இறங்கி நின்றதால் ஆளைப் பார்க்கவில்லையாம்.

"ஒரு பொம்பளக் குரல் மட்டும் கேட்டுச்சு சார். 'வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியவே கூடாது'ன்னு சொல்லிச்சு."

இதற்கு மேல் என்ன வேண்டும்? மாடியில் வாடகைக்கு இருப்பது டீச்சரம்மா குடும்பம். அந்த வீட்டுக்கு அவர்தானே வீட்டுக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை. கோழியை உள்ளே வைத்து மூடிவிட்டு, டீச்சரம்மாவை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டனுப்பினார். அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றார். மனைவி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சுத்தி வளைக்கல டீச்சர். நான் இல்லாத நேரத்துல இதப் பத்தவெச்சது, 'வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியவே கூடாது'ன்னு பேசினது, எல்லாம் எனக்கு வந்தாச்சு."

டீச்சரம்மா ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். மனைவியின் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது.

"தப்புதான் ஓனர் சார்" என்றார் டீச்சரம்மா. "பசங்க பரீட்சை முடியற வரைக்கும் பொறுத்துக்குங்க. வேற வீடு பாத்துடறோம்."

"பாத்தியா, அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க" என்று மனைவியிடம் சொன்னார் அவர். ஜெயித்த வேகத்தில் மூடியைத் தூக்கக் கையை நீட்டினார்.

மனைவி தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு வந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திறக்காதீங்க. சூடு போயிடும்."

அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். கீழே படியில் சகலையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கூட இன்னும் நாலைந்து பேர் ஏறி வருகிறார்கள். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் முகம் வாடக் கூடாது என்றுதான் இத்தனை நாளும் வாயைத் திறக்காமல் இருந்தாள். இனிமேலும் திறக்காமலிருந்தால் பாவம் ஒரு குடும்பம் தெருவில் நிற்கும்.

வருகிறவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"டீச்சர் உங்கள என்னிக்கும் ஓனர்னுதான் சொல்வாங்க. இந்த வீட்ல உங்கள வீட்டுக்காரர்னு சொல்ற பொம்பள ஒருத்திதான். நீங்க கடைக்குப் போனப்புறம் டீச்சரத் துணைக்கு வெச்சுக்கிட்டு இதுல வேகவெச்சுப் பழகினவளும் அவதான். ஞாயித்துக்கிழமை நீங்க மூடியத் தூக்கப் போறப்பல்லாம் கீழ கூப்பிடறவளும் அவதான்."