செலினா அடிக்காத இடம்

பிறவியிலேயே பார்வையில்லாத செலினாவுக்குப் புத்தகம் என்பது ஒரு குரல். அவள் தட்டச்சு செய்த நாவலைக் கணினி வாசிக்கும்போது, இது தலைப்பு என்று காட்ட ஒவ்வொன்றுக்கு முன்னும் அவள் இட்டிருந்த # குறியை "ஹேஷ்" என்று சொல்லும். ஆறு வருடமாக அப்படித்தான் கேட்டாள். இன்று அந்தக் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கச் சொல்லி டெர்மினல் என்னும் கட்டளைப் பெட்டியில் ஒரே ஒரு வரி தட்டினாள். குரல் புதிதாக வாசித்தது. ஹேஷ் இல்லை.

"தில்ஷாத், என் ஹேஷெல்லாம் அழிஞ்சுபோச்சுடி!"

பக்கத்து வீட்டுத் தில்ஷாத் ஓடிவந்து திரையைப் பார்த்தாள்.

"அழியலக்கா. தலைப்பெல்லாம் பெரிய எழுத்தா மாறியிருக்கு."

"எவ்வளவு பெருசு?"

தில்ஷாத் முதல் பக்கத்தை அச்செடுத்து, செலினாவின் விரலைப் பிடித்துத் தலைப்பின் மேல் ஓட்டிக் காட்டினாள். விரல் அதையும் தாண்டி மேலே போனது.

"இங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. காலி இடம்."

"நான் அப்படி எதுவும் அடிக்கலையே."

"அத்தியாயம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரே விட்டுக்கும்."

செலினா உள்ளங்கையை அங்கே விரித்து வைத்தாள். எடுக்கவில்லை.

"அப்போ, படிக்கிறவங்க எல்லாரும் இந்த இடத்துல கொஞ்சம் நிப்பாங்களா?"

எத்தனையோ புத்தகம் படித்தும் ஒருநாளும் அங்கே நின்றிராத தில்ஷாத், அந்தக் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தாள்.